இரண்டு அங்குல மடிப்பு

கோவில்பத்துத் தையல்காரி ஜோஸ்பினுக்குக் கையும் வாயும் சேர்ந்தேதான் வேலை செய்யும். இன்ச் டேப்பைச் சுற்றியதும் அளவைத் தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். தையல் மெஷினில் இருக்கும் பங்கஜவல்லி நோட்டில் குறித்துக்கொள்வாள்.

அப்படித்தான் ஒரு மே மாதம், பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்க நாலு பெண்பிள்ளைகள் நிற்கையில், தன் மகள் ஆக்சிலியாவின் இடுப்பை அளந்தாள். "எழுதுடி, இருபத்தொம்போது! பன்னெண்டு வயசுக்கு இந்த இடுப்பா? இவ போலீசாவப்போறாளாம், திருடன் நடந்தே தப்பிச்சிருவான்!" எல்லோரும் சிரித்தார்கள். ஜோஸ்பினும் சிரித்தாள். சிரித்ததை அன்றைக்கே மறந்தும் போனாள், பாவி.

ஆக்சிலியா மறக்கவில்லை. அடுத்த தவக்காலத்தில் ஒருவேளைச் சாப்பாடுதான் என்றாள். ஈஸ்டர் வந்தது, ஊரே பிரியாணி தின்றது, அவள் நோன்பு மட்டும் முடியவில்லை. சோற்றைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பாள். ஜோஸ்பினோ கோயில் வாசலில் நின்று, "எம் பொண்ணு மாதிரி ஒறுத்தல் பண்ண யாரால முடியும்?" என்று பீற்றிக்கொண்டாள். பாவாடை இடுப்பை வருஷத்துக்கு நாலு தரம் பிடித்துத் தைத்தாள். வளர்கிற பிள்ளை என்று கீழே விட்டிருந்த இரண்டு அங்குல மடிப்பைப் பிரிக்க மட்டும் வேலையே வரவில்லை.

"அக்கா, இவகூடப் படிக்கிறதுங்கல்லாம் என் தோளத் தாண்டிருச்சு. இவ அப்புடியே நிக்கிறாளே," என்றாள் பங்கஜவல்லி.

"கண்ணு வைக்காதடி," என்று அவள் வாயை அடைத்தாள் ஜோஸ்பின்.

பதினாறு ஆகியும் பெண் வயதுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மயங்கி விழுந்த பிறகுதான் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள்.

"இது நோன்பில்லம்மா, நோய். குண்டாயிருவோமேங்குற பயத்துல பசியக் கொல்லுற நோய்," என்றார் அவர். "வயித்துக்கே சோறு இல்லாதப்ப எலும்பு எங்கேருந்து வளரும்? வளரவேண்டிய நாலு வருஷம் போச்சு. இப்பலேருந்து தேறினா கொஞ்சம் வளருவா. போனதெல்லாம் திரும்பாது."

ஜோஸ்பின் வாயையும் வயிற்றையும் கட்டி ஊட்டினாள், கெஞ்சினாள், காலில் விழாத குறை. இரண்டு வருஷத்தில் ஆக்சிலியா தேறினாள். ஒருநாள் மடிப்பில் ஒரு அங்குலத்தைப் பிரித்தபோது ஜோஸ்பின் மெஷின்மேல் தலைகவிழ்ந்து அழுதாள். போலீஸ் வேலைக்கு மனுப் போடச் சொன்னதும் அவள்தான்.

தேர்வு மைதானத்தில் உயரம் அளக்கிற காவலர், பலகையை ஆக்சிலியாவின் தலையில் தட்டிவைத்து, வேலிக்கு வெளியே நின்ற ஜோஸ்பினுக்கும் கேட்கும்படி கத்தினார். "நூத்தி அம்பத்திரண்டு! ரெண்டு சென்டி கொறச்சல். அடுத்த ஆளு வாங்க!" வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வெளியே வந்தவளை ஜோஸ்பின் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். "போனாப் போவுதுடி தங்கம்."

ஆக்சிலியா அவள் கையை மெல்ல விலக்கினாள்.

"இடுப்ப யாரும் அளக்கவே இல்லம்மா," என்றாள்.