டேங்கி வழிந்த சத்தம்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்த சீமெந்துத் தொட்டி நிரம்பியதும், அதன் விளிம்பில் செருகியிருந்த குழாய் வழியாகத் தண்ணீர் பின்பக்கத் தகரக் கூரையில் கொட்டும் சத்தம்தான் என் பிள்ளைப் பருவத்துப் பிற்பகல்களின் சத்தம். முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு யாரோ கூரைமேல் அரிசியை அள்ளி வீசுவதுபோல, கடைசியில் ஒரே இரைச்சலாக. "டேங்கி ரொம்பிருச்சு" என்று அம்மா அடுக்களையிலிருந்து சொல்வார். சொல்வாரே தவிர, எழுந்துபோய் எதையும் மூடுவதில்லை. "வழியட்டும், வழியுற வீடுதான் லெச்சுமி இருக்குற வீடு" என்று அப்பா சிரிப்பார்.

பதுளையிலிருந்து நமுனுகுலப் பக்கம் ஏறும் பாதையில் சில மைல் தள்ளி, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் விளிம்பில் எங்கள் பதினான்கு வீடுகள் இருந்தன. பதுளை பஜாரில் புடவைக்கடையும் மளிகைக்கடையும் நகைக்கடையும் வைத்திருந்தவர்கள், நகரத்து நெரிசல் வேண்டாம் என்று நிலம் வாங்கிக் கட்டிக்கொண்டவை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இரும்புக் கேட், கேட்டுக்குள் ஒரு வேன், வேனுக்குப் பின்னால் ரோசாச் செடிகள், உள்ளே சலவைக்கல் பதித்த சுவாமி அறை. "மொதலாளி மேடு எறங்கு" என்று பஸ் கொண்டக்டர் கத்துவார். நாங்கள் அதைப் பட்டம்போல வாங்கிக்கொண்டு இறங்குவோம். மேட்டுக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில் தோட்டத் தொழிலாளர்களின் மூன்று லயங்கள். அந்த வரிசை வீடுகளில் இருந்தவர்களின் முன்னோரும் எங்கள் முன்னோரும் ஒரே கடலைத் தாண்டி வந்தவர்கள்தான் என்பதை எங்கள் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மலையில் இருந்தது ஒரே ஊற்று. அதிலிருந்து வந்த இரும்புக் குழாய் முதலில் எங்கள் வீடுகளைத் தொட்டு, பிறகு இறங்கி, லயத்துக்குப் பொதுவான தண்ணீர்க் குழாயில், "பீலி"யில், விழும். மழைக்காலத்தில் எல்லோருக்கும் போதும். காய்கிற மாதங்களில் மட்டும் ஒரு ஏற்பாடு: காலையிலிருந்து நடுப்பகல்வரை லயத்துக்கு, அதன்பின் மேட்டுக்கு. எங்கள் கேட்டுக்கு எதிரே ஒரு குழிக்குள் இருந்த வால்வை மூடினால் கீழே போகும் தண்ணீர் நின்று, எங்கள் தொட்டிகளுக்கு ஏறும். நடுப்பகலில் அதை மூடப் பெரியவர்கள் யாரும் போகமாட்டார்கள். மேட்டுப் பிள்ளைகள்தான் வாரமுறை வைத்துப் போவோம். பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டுப் பெண்கள் சோறாக்க வீட்டுக்கு வரும் நேரமும் அதுதான். பெரிய ஆள் போய் மூடினால் பேச்சு வளரும். "சின்னப்புள்ளகிட்ட யாரு சண்டைக்கி வருவா?" என்பார் அம்மா. எங்களுக்கு அது விளையாட்டு. யார் ஒரே மூச்சில் திருகுவது என்று பந்தயம்கூட வைப்போம்.

எனக்குப் பதினொரு வயதான ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பிக்குக் காதுகுத்து. கொழும்பிலிருந்து உறவுக்காரர்கள் நான்கு வேன்களில் வந்திருந்தார்கள். செம்மண் பாதையில் வந்த வேன்கள் எல்லாம் புழுதி. முற்றத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும், வேன்களைக் கழுவ வேண்டும். தொட்டியில் பாதிகூட இல்லை. அப்போது மணி ஒன்பது.

"போய்ச் செத்த திருகிட்டு வா, தங்கம்" என்றார் அம்மா.

"இன்னும் அவங்க நேரம்மா."

"ஒருநாள்தானே. ஒன்னய யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. போ."

பட்டுப்பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி மூடினேன். அன்று எனக்கு அது தப்பென்று தெரிந்திருந்ததா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். அம்மா சொன்னதைச் செய்தேன் என்று ஒரு மனம் சொல்லும். "இன்னும் அவங்க நேரம்" என்று சொன்னதும் நான்தானே என்று இன்னொரு மனம் கேட்கும்.

கொஞ்ச நேரத்தில் தவமணி மேலே ஏறி வந்தாள். லயத்துப் பிள்ளை, அந்த வருடம்தான் எங்கள் பதுளைப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பஸ்ஸில் என் பையை அவள் மடியில் வைத்துக்கொள்வாள், அவள் போட்ட கணக்கை நான் பார்த்து எழுதுவேன். கையில் வெறும் வாளியோடு, மூச்சு வாங்க, கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"அக்காவுக்கு இன்னிக்கிச் சடங்குடி. தலைக்கித் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கையில பீலி நின்னுருச்சு. தல பூராச் சீயக்காய். மாமி கொடத்தோட நிக்கிறாங்க. வால்வு மூடிக்கிருச்சான்னு பாரேன்."

என் பாவாடை ஓரத்தில் வால்வின் துரு ஒட்டியிருந்தது. பின்னால் ஒரு மாமா வேனுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்:

"ஊத்து வத்திப்போச்சாம்டி. எங்களுக்கும் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள். "சரி" என்று மட்டும் சொல்லி, வாளி முழங்காலில் இடிக்க இடிக்க இறங்கிப் போனாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வேறு வாங்கில் உட்கார்ந்திருந்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே.

இப்போது அதே வீட்டில்தான் இருக்கிறேன். என் மகளுக்கு எட்டு வயது. அவளுடைய வகுப்பு டீச்சர் யாரென்று இந்த வருடத் தொடக்கத்தில் தெரிந்த நாளிலிருந்து, பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் கணவரையே அனுப்பிவந்தேன். தவமணி டீச்சர். பழைய கோபத்தைப் பிள்ளைமேல் காட்டிவிடுவாளோ என்று பயந்தேன். அவளைப் பற்றி அப்படி நினைத்ததற்காகவும் கூசினேன்.

சென்ற மாதம் "எங்கள் ஊர்" என்று பத்து வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். மகள் தாத்தாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். நான்காவது வரி: "எங்கள் ஊர் ஊற்று ஒருநாளும் வற்றியதில்லை." அழிறப்பரைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடியும் எடுத்தேன். பிள்ளை உண்மையைத்தான் எழுதியிருந்தாள். அப்படியே விட்டேன். அடுத்த கூட்டத்துக்கு நானே போனேன்.

கொப்பி மேசையில் விரிந்து கிடந்தது. பத்து வரிக்கும் பத்துச் சிவப்புச் சரிகள்.

"டீச்சர், அன்னிக்கி ஊத்து வத்தல. நாந்தான் மூடினேன்" என்றேன். சொல்ல வேண்டியவை என்று வீட்டில் கோத்து வைத்திருந்த மற்றதெல்லாம் வரவில்லை.

அவள் பேனாவை மூடினாள். "தெரியும்."

"வேனப் பாத்தா?"

"வேன் எதுக்கு? ஒங்க டேங்கி வழியுற சத்தம் லயத்துக்குக் கேக்குமே. அன்னிக்கி மட்டுமா, தெனம் கேக்கும். எங்கம்மா வெறுங்கொடத்த வச்சிக்கிட்டு, 'மேட்டுல மழ பேயுதுடி, கேளு'ன்னு சொல்லும்." பிறகு லேசாகச் சிரித்தாள். "அக்கா தலைய, வந்தவங்களுக்குப் போட்டு வச்ச பிளேன்டீய ஆறவச்சு அலசிவிட்டோம். நல்லவேள, சீனி போடல."

நானும் சிரிக்கப் போனேன். அவள் அதற்குள் நிறுத்தியிருந்தாள்.

"ஒங்க மக நல்லா எழுதுறா" என்று கொப்பியை என் பக்கம் தள்ளினாள். எனக்குப் பின்னால் அடுத்த பிள்ளையின் தகப்பன் நின்றிருந்தார்.

ஒருநாள் செய்த ஒரு தப்பைச் சுமந்துகொண்டு போனேன். எல்லா நாளையும் சுமந்துகொண்டு திரும்பினேன்.

பாதைக்குக் கொங்கிரீட் போட்டபோது வால்வுக் குழி மூடப்பட்டுவிட்டது. கீழே போன குழாயை மறுபடி யாரும் பொருத்தவில்லை. இரண்டு லயங்களுக்குக் கூரையே இல்லை. மூன்றாவதில் மிச்சமிருக்கும் ஐந்து குடும்பங்கள் காய்கிற மாதங்களில் தண்ணீர்ப் பவுசர் வண்டி வரும்வரை வாளிகளை வரிசை வைத்துக் காத்திருக்கிறார்கள். ஊற்று முழுக்க எங்களுக்குத்தான். பழைய சீமெந்துத் தொட்டியும் தகரக் கூரையும் போய், மாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் டேங்கி நிற்கிறது. நிரம்பியதும் உள்ளே மிதக்கும் பந்து தானாகவே அடைத்துக்கொள்ளும். ஒரு சொட்டும் வழியாது.

கூட்டத்திலிருந்து திரும்பிய அன்று மாலை கொப்பியை எடுத்து, நான்காவது வரிக்குக் கீழே இன்னொன்று எழுதச் சொன்னேன்: "அந்தத் தண்ணீர் இப்போது லயத்துக்குப் போவதில்லை." எழுதிவிட்டு மகள் நிமிர்ந்தாள்.

"ஏம்மா போறதில்ல?"

என் அப்பா முன்னறையில் இருந்தார், அம்மா அடுக்களையில். பதிலை இருவருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இன்னும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாடியில் டேங்கி சத்தமில்லாமல் நிரம்பிக்கொண்டிருந்தது.