உறைந்த திராட்சைத் தோட்டத்தில் ஒரு பொம்பிளை பார்ப்பு

"நான் இறங்கமாட்டன். சாராயம் காய்ச்சிற இடத்துக்கோ எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனீர்?"

சுவிஸிலிருந்து வந்திருந்த அன்ரி வானின் முன் சீற்றில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். வெளியே காது கழன்று விழுகிற குளிர். அவருடைய மகன் ரமணன் பின்னாலிருந்து, "அம்மா, சும்மா ஒருக்கா இறங்குங்கோவன்" என்று கெஞ்சினான். கடைசி சீற்றில் வாசுகி தலையைக் குனிந்தபடி இருந்தாள். அவளுடைய தகப்பன் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கமுடியவில்லை. தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபுறோவில் ஒரு ரவல்ஸ் கொம்பனிக்கு வான் ஓடினேன். அந்த வேலையில் ஒரு கல்யாணத்தைக் குழப்பிய பெயரும் எனக்கு வரப்போகிறது என்று அன்றைக்கு நினைத்தேன்.

இன்றைக்கு இந்தத் தொழிலுக்கு வருகிற பெடியளுக்காக இதை எழுதுகிறேன். ரூட் தெரிந்தால் காணும் என்று நினைக்கிறீர்கள். காணாது.

நாங்கள் பாராமல் போன ஊர்கள்

லண்டன், பாரிஸ், சுவிஸ் என்று எங்கேயிருந்து வந்தாலும் எங்கள் ஆட்களுக்கு வேண்டியது நயாகரா மட்டும்தான். நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று ஒரு படம், பார்க்கிங்கில் புட்டும் கறியும், பிறகு வீடு. இடையில் கிடக்கிற நிலத்தை ஒருவரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வானுக்குள் நித்திரைதான்.

நான் முழித்திருக்கிறவன். ஹமில்ரன் பாலத்தைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் ஏரி, வலது கைப்பக்கம் நீளத்துக்கு ஒரு மலை விளிம்பு. நடுவில் திராட்சைக் கொடிகள், கோடு போட்டதுபோல வரிசை வரிசையாக. கிறிம்ஸ்பி, பீம்ஸ்வில், ஜோர்டன் என்று சின்னச் சின்ன ஊர்கள். தேவாலயக் கோபுரம் ஒன்று, பழக்கடை ஒன்று, அவ்வளவுதான். முதல் தரம் பார்த்த அன்று வானை ஓரம் கட்டி இறங்கி நின்றேன். பனி விழுகிற நாட்டில் இவ்வளவு திராட்சையா என்று வாயைப் பிளந்தேன். பிறகு எத்தனை தரம் போனாலும் அந்த இடத்தில் என் கால் தானாகவே அக்சிலேற்றரில் தளரும்.

தெரியாத மாதிரி

அந்தப் பயணத்துக்கு முதல் நாள் முதலாளி சந்திரன் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பொம்பிளை வீடும் மாப்பிளை வீடும் ஒரே வானுக்குள்ளை வருகினம். ஆளையாள் தெரியாத மாதிரித்தான் இருப்பினம். நீரும் தெரியாத மாதிரி இரும்."

எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. கோயிலிலோ ரூர் வானிலோ தற்செயலாகச் சந்திக்கிற மாதிரி ஒழுங்கு செய்வார்கள். சரிவந்தால் பேசலாம், சரிவராவிட்டால் ஒருவர் பெயரும் கெடாது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ரமணனுக்கு அடுத்த நாள் சுவிஸுக்குப் பிளைற். இருவரும் பார்த்துக்கொள்ள வேறு நாள் இல்லை.

ஆனால் பார்க்க முகம் வேண்டுமே! நீர்வீழ்ச்சியடியில் பறந்து வந்த தூறல் இமையிலேயே உறைந்தது. எல்லோரும் தொப்பியும் மவ்ளருமாக மூடிக்கட்டி நின்றதில் மாப்பிள்ளையின் மூக்கு எப்படி என்றுகூடப் பெண் வீட்டாருக்குத் தெரியாது. அங்கிருந்து நயாகரா ஒன் த லேக்குக்கு ஓடினேன். பழைய காலத்து வீடுகளுள்ள அழகான குட்டி ரவுண். காற்று முகத்தில் அறைந்ததில் ஒருவரும் வானை விட்டு இறங்கவில்லை.

அப்போதுதான் வாசுகி வாய் திறந்தாள். பிறம்ரனில் ஒரு ஜூஸ் கொம்பனி லாப்பில் வேலை செய்கிற பிள்ளை.

"அண்ணை, கிட்டடியிலை திராட்சைத் தோட்டத்தோடை ஒரு வைனறி இருக்கு. இந்தக் குளிருக்கு இண்டைக்கு ஐஸ் வைனுக்குப் பழம் பிழிவினம். உள்ளுக்கு ஹீற்றும் இருக்கும்."

ஹீற் என்ற சொல்தான் என் காதில் விழுந்தது. சூடான இடம், ஜக்கெற்றைக் கழற்றுவார்கள், முகம் தெரியும். உடனே வானைத் திருப்பினேன். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்ட், அதில் பெரிய வைன் கிளாஸ் படம். அன்ரி விரதம், கோயில் என்று இருக்கிறவர். அந்த இடத்தைச் சொன்னதே பெண் என்பதும் அவர் காதில் விழுந்திருந்தது. இனிக் கேட்கவும் வேண்டுமா?

பிழிகிற கொட்டில்

அன்ரியின் பிடிவாதத்தை உடைத்தது என் பேச்சுச் சாமர்த்தியம் இல்லை.

"தம்பி, உள்ளுக்கை பாத்ரூம் இருக்கோ?"

"இருக்கு அன்ரி" என்றேன், சிரிக்காமல்.

அவர் இறங்கியதும் மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். பாத்ரூம் பின்பக்கம். போகிற வழியில் பிழிகிற கொட்டில், பெரிய கதவு திறந்தபடி. வெளியே கொடிகளில் வலைக்குள் சுருங்கித் தொங்கிய பழங்களை ஒவ்வொரு குளிர்காலமும் கண்டிருக்கிறேன். பறிக்க மறந்துபோனார்கள் என்றே நினைத்திருந்தேன். அது மறதி இல்லை, பொறுமை என்று வாசுகி சொல்லித்தான் தெரிந்தது. மழைக்கும் குருவிக்கும் தப்புகிற பழத்தை நடுங்கும் குளிர் வரும்வரை விட்டுவைப்பார்களாம். கல்லாய் உறைந்த பிறகு பறித்து, உறைந்தபடியே பிழிவார்களாம். பழத்தின் தண்ணீர் பனிக்கட்டியாக உள்ளேயே நின்றுவிடும். இனிப்பு மட்டும் வெளியே வரும்.

பாத்ரூமால் திரும்பிய அன்ரி கதவடியில் நின்றுவிட்டார். நாங்களும் பின்னால் நின்றோம். சிவப்புத் தாடிக்காரர் ஒருவர் பழம் பிழிகிற பிறெஸ்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பழம் கூழாங்கல்லைப்போலக் கரகரத்தது. அவ்வளவு பழத்துக்கும் ஒரு சொட்டு. பிறகு இன்னொரு சொட்டு. தேன் நிறம். எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஒரு வருசத்து வெயில் அந்தச் சொட்டில் வந்து விழுகிறது என்று தோன்றியது. ரமணன் முதல் தரமாக வாசுகியை நேரே பார்த்துக் கேட்டான்.

"குளிர் வராட்டி என்ன செய்வினம்?"

"அந்த வருசம் இல்லை. அவ்வளவுதான்."

அன்ரி திரும்பினார். "பிள்ளை, உதிலை என்ன கலந்திருக்கு?"

"ஒண்டும் இல்லை அன்ரி. இப்ப வெறும் பழச்சாறுதான். வைனாக வர இன்னும் கனநாள் செல்லும்."

தாடிக்காரர் சின்னக் கரண்டியில் அள்ளிக்கொண்டு கிளாஸ் தேடினார். அதற்குள் அன்ரி கையுறையைக் கழற்றி, இடது கையைக் கீழே பிடித்து, வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டிவிட்டார். கோயிலில் தீர்த்தம் வாங்குகிற அதே கை. தாடிக்காரர் திகைத்துப்போய் வாசுகியைப் பார்த்தார். ஊற்றுங்கள் என்று அவள் தலையசைத்தாள். அவரும் ஐயர் மாதிரியே கவனமாக ஊற்றினார். அன்ரி கண்ணை மூடிக் குடித்தார். கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவேயில்லை.

தீர்த்தம் குடித்த கையைத் தலையில் தடவுவதும், பக்கத்தில் பிள்ளை நின்றால் பிள்ளையின் தலையில் தடவுவதும் எங்கள் தாய்மாரின் கைப்பழக்கம். அன்ரியின் கை தன்பாட்டில் உயர்ந்து, கிட்ட நின்ற வாசுகியின் உச்சந்தலையில் தடவிவிட்டது.

காலையிலிருந்து ஒருவரையொருவர் தெரியாத மாதிரி இருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கையையே பார்த்தோம். வாசுகியின் தகப்பன் கூரையைப் பார்த்து, கண்ணில் வந்த நீரைச் சிமிட்டி அடக்கிக்கொண்டு நின்றார். அன்ரிக்கும் அப்போதுதான் உறைத்தது. வெடுக்கென்று கையை இழுத்தார்.

"ஐயோ பிள்ளை, குறை நினையாதை. கைப்பழக்கத்திலை தடவிப்போட்டன். தலை எல்லாம் பிசுபிசுக்கப் போகுது."

வாசுகி ரமணனை ஒருதரம் பார்த்தாள். அவன் மவ்ளரை இறக்கிவிட்டுச் சிரித்தான். ஓமோம், மூக்கு நல்ல மூக்குத்தான். அதுவரை அன்ரி என்றவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"பரவாயில்லை, மாமி."

தம்பிமாரே, ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் நாங்கள் வாயால் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கதவைத் திறந்துவிட்டு, அவசரப்படுத்தாமல், ஒதுங்கி நில்லுங்கள்.