மிஸ்டர் சந்தானம் ஸ்பீக்கிங்

"எஸ், மிஸ்டர் சந்தானம் ஸ்பீக்கிங்" என்று ஜலஜா போனில் சொல்லும்போது உட்கார்ந்திருக்க மாட்டாள். சமையலறை மேடையோரம் விறைப்பாக நின்று, துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, குரலை இன்னும் ஒரு படி கீழே இறக்கித்தான் சொல்வாள். பிறவியிலேயே கட்டைக் குரல். காஞ்சிபுரத்தில் படித்த காலத்தில் பள்ளிக்கூட நாடகம் என்றால் ராஜா வேஷம் அவளுக்குத்தான்; ஒரு மீசை ஒட்டினால் போதும். அமெரிக்காவில் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டுக்கு வந்த பிறகு போனில் பேச அந்த மீசையும் வேண்டியிருக்கவில்லை.

பழக்கம் ஆரம்பித்தது ஒரு கிரெடிட் கார்டு கம்பெனியால். கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரோடுதான் பேசுவேன் என்று அங்கே ஒருவன் பிடிவாதம் பிடித்தான். ஜலஜாவின் கணவர் சந்தானத்துக்கோ போன் என்றாலே அலர்ஜி. ஹூஸ்டனில் ஒரு எண்ணெய் கம்பெனியில் குழாய் டிசைன் செய்கிறவர். மைல் கணக்கில் ஓடும் குழாயை மனத்திலேயே வளைத்து நிமிர்த்திவிடுவார். ஆனால் முன்பின் தெரியாதவனிடம் போனில் 'ஹலோ'வுக்கு மேல் அவருக்கு நாக்கு எழாது. அன்றைக்கும் சோபாவிலிருந்தே, 'நீயே பேசிடேன்' என்று கையை ஆட்டினார். ஜலஜா பேசினாள். எதிர்முனையில் இருந்தவன் கடைசியில் "தேங்க் யூ, சார்" என்றான். அதிலிருந்து பேங்க், இன்ஷூரன்ஸ், கேபிள், புல் வெட்டுகிறவன் எல்லாருக்கும் சந்தானம் என்றால் ஜலஜாதான்.

"அம்மா, தட்ஸ் இல்லீகல்!" என்பாள் ஆஸ்டினில் படிக்கும் மகள் விஷாகா.

"என்னடி இல்லீகல்? பேரு அவருது, கார்டு அவருது. வாய் மட்டும்தான் என்னுது."

அந்த வாய் சாமான்யப்பட்டதில்லை. எடுத்த எடுப்பில் "சார், யுவர் குட் நேம்?" என்று கேட்டு, அங்கே மழையா வெயிலா, சாப்பாடு ஆயிற்றா என்று விசாரித்து, பேசுகிறவன் வேலையை மறந்து தன் நாய்க்குட்டி கதையைச் சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் காரியத்துக்கு வருவாள். அபராதம் போட்டவனே மன்னிப்புக் கேட்டு வைப்பான். பேர்லாண்ட் கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போதே, "ஆன்ட்டி, ஏர்லைன்காரன் ஒரு மாசமா இழுத்தடிக்கறான், கொஞ்சம் பேசிக் குடுங்களேன்" என்று வருகிற இளம் ஜோடிகள் உண்டு. பகல் முழுக்க ஆஸ்பத்திரி லேபில் ரத்தச் சோதனைக் குழாய்களோடு வாய் திறக்காமல் வேலை செய்கிறவள். சேர்த்து வைத்த பேச்செல்லாம் எங்கேயாவது செலவாக வேண்டாமா?

போன இலையுதிர் காலத்தில் சந்தானத்துக்கு பைபாஸ் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. டாக்டர் பசுபதி, "சார், இனிமே நீங்க மாடு மாதிரி வேலை செய்யலாம்" என்று தோளைத் தட்டி அனுப்பினார். சந்தானம் அதைக் காதில் வாங்கவில்லை. லீவை நீட்டித்தார். ரெக்ளைனர் நாற்காலியில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். மாடிப்படி ஏறினால் நெஞ்சு வெடித்துவிடும், ஃப்ரீவேயில் போனால் நடுவழியில் நின்றுவிடும் என்று தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டார். எதைக் கேட்டாலும், "நீயே பாத்துக்கோ ஜலா." ஜலஜாவும் பார்த்துக்கொண்டாள். மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தாள், எழுந்தால் முழங்கையைப் பிடித்தாள், வீட்டுக்கு வந்தவர்கள் "எப்படி இருக்கீங்க அங்கிள்?" என்று கேட்டால் அவர் வாயைத் திறப்பதற்குள் "நல்லா இருக்காரு" என்று தானே பதில் சொன்னாள். மனுஷன் சாவதற்குப் பயந்து வாழ்வதையே விட்டுவிட்டாரே என்று நினைத்துக்கொள்வாள். அதை மட்டும் அவள் யாரிடமும் பேசவில்லை.

அவர் கண்ணில் கொஞ்சம் உயிர் தெரிந்தது சனிக்கிழமை காலையில்தான். டி.வி.யில் மீன் பிடிக்கும் நிகழ்ச்சி. தலைமுறை தலைமுறையாக மரக்கறி சாப்பிடும் குடும்பத்தில் பிறந்தவர், தூண்டிலைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர், அதை மட்டும் விடாமல் பார்ப்பார். ஜூலையில் ஒருநாள், ஆள் உயர வெள்ளி மீன் ஒன்று தண்ணீரைப் பிளந்து வானத்துக்குத் தாவியது. "அட!" என்று சந்தானம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். தோசைக் கரண்டியோடு ஜலஜா ஓடி வந்தாள்.

"அது என்ன மீனுங்க?"

"டார்ப்பன். நம்ப கேல்வெஸ்டன் கடல்லயே வருமாம்."

"சாப்பிடுவாங்களா?"

"ம்ஹூம். முள்ளு ஜாஸ்தி. பிடிச்சு, விட்டுடுவாங்க."

"விட்டுடறதுக்கு எதுக்குப் பிடிக்கறாங்க?"

சந்தானம் கொஞ்சம் யோசித்தார். "பாக்கத்தான்" என்றார்.

தோசை கருகிப் போனது. ஜலஜா கவலைப்படவில்லை. திங்கட்கிழமை லேப் வேலை முடிந்ததுமே லைப்ரரிக்குப் போய் கேல்வெஸ்டன் டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி, காசுக்குப் படகில் அழைத்துப் போய் மீன் பிடிக்கச் சொல்லித்தரும் கேப்டன்களின் நம்பர்களைத் தேடிப் பிடித்தாள். சந்தானம் தூங்கும் நேரமாகப் பார்த்து, மேடையோரம் நின்று, துப்பட்டாவைச் செருகினாள்.

முதல் கேப்டனிடம் படகில் பாத்ரூம் உண்டா என்று கேட்டாள். ஒரு வாளி இருக்கிறது என்றான். நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அடுத்தவனிடம் மீனுக்கு வலிக்குமா என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் எந்த மீனும் தன்னிடம் புகார் சொன்னதில்லை என்றான் அவன். இன்னொருவன் பைபாஸ் என்ற வார்த்தையைக் கேட்டதுமே அந்த மாதம் முழுக்க இடமில்லை என்றான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்தான். 'பேரில் பொய் சொல்லலாம், நெஞ்சு விஷயத்தில் கூடாது' என்பது ஜலஜாவின் நியாயம்.

கடைசியில் அகப்பட்டவர் கேப்டன் வெண்டல். டெக்சாஸ்காரர்களுக்கே உரிய இழுவைப் பேச்சு. அவசரமே கிடையாது. ஆபரேஷன் எப்போது, டாக்டர் என்ன சொன்னார், நடக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மிஸ்டர் சந்தானமாகிய ஜலஜா, தன் நெஞ்சைத் தானே தொட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் கர்மசிரத்தையாகப் பதில் சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரு நிபந்தனை போட்டார். போனில் அட்வான்ஸ் வாங்க மாட்டார். சனிக்கிழமை படகுத்துறைக்கு வர வேண்டும். தூண்டில் நுனியில் தண்ணீர் வாளியைக் கட்டித் தருவார். தூக்கிக் காட்டினால் புக்கிங். தூக்க முடியாவிட்டால் கைகுலுக்கிப் பிரிந்துவிடலாம்.

"யூ கம் லிஃப்ட் தட் பக்கெட் ஃபார் மீ, மிஸ்டர் சந்தானம்" என்றார்.

"ஷ்யூர், சார்" என்று போனை வைத்த பிறகுதான் ஜலஜாவுக்குச் சிக்கல் உறைத்தது. கட்டைக் குரல் இருக்கிறது. சந்தானத்தின் உடம்புக்கு எங்கே போவது?

சனிக்கிழமை ராகு காலம் கழிந்ததும் "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரலாம், வாங்க" என்று சந்தானத்தைக் காரில் ஏற்றிவிட்டாள். ஃப்ரீவே வேண்டாம் என்பார் என்று ஹைவே சிக்ஸைப் பிடித்தாள். ஆல்வின் தாண்டி, இரண்டு பக்கமும் வயலும் மாடுமாக வந்தபோது விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"உங்க பேர்ல நான் பேசிட்டேன். டார்ப்பன் போட். இன்னிக்கு வாளி தூக்கணுமாம்."

"வாளியா? வண்டியைத் திருப்பு ஜலா."

"இந்த ரோட்ல யூ-டர்ன் கிடையாதுங்க."

அது பச்சைப் பொய் என்று இருவருக்கும் தெரியும். சந்தானம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேல்வெஸ்டன் தீவுக்குப் போகும் நீளப் பாலத்தில் ஏறி, இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்தபோதுகூட இவள் பக்கம் திரும்பவில்லை. 'தப்புப் பண்ணிவிட்டேனோ?' என்று நினைத்தபடியே ஜலஜா படகுத்துறைக்கு வண்டியைத் திருப்பினாள்.

படகுத்துறையில் டீசலும் இறாலும் கலந்து அடித்த வாடையில் அவளுக்குக் குமட்டியது. மூக்கைப் பொத்தப் போனவள், ஒருவர் தொழில் செய்கிற இடத்தில் அப்படிச் செய்யக் கூடாது என்று கையை இறக்கிக்கொண்டாள். வெள்ளைத் தாடியும் வெயிலில் கருகிய மூக்குமாகக் கேப்டன் வெண்டல் படகிலிருந்து கையசைத்தார். ஜலஜா டிக்கியைத் திறந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, நடுவில் ஒரு சீப்பு வாழைப்பழம். புதுக் கார் வாங்கினாலும் வீடு வாங்கினாலும் முதல் அட்வான்ஸைத் தாம்பூலத்தோடு கொடுத்துத்தான் அவளுக்குப் பழக்கம். வீடு விற்ற ஏஜென்ட் அம்மாள்கூட வெற்றிலையை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

கேப்டன் வாங்கவில்லை. தட்டைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு படகுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நோ பனானாஸ், மேம். நாட் நியர் மை போட்."

"சார், திஸ் இஸ் வெரி ஆஸ்பிஷியஸ்" என்று ஜலஜா ஆரம்பித்தாள். முகம் சிவந்துவிட்டது. சாமிக்குப் படைக்கிற பழத்தை ஒருவன் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தால்?

"ஜலா, அதை இப்படிக் குடு."

பின்னால் சந்தானம். காரிலிருந்து அவராகவே இறங்கி வந்திருந்தார்.

"போட்ல வாழைப்பழம் ஏத்த மாட்டாங்க. மீன் மாட்டாது, போட்டுக்கே ஆபத்துன்னு நம்பிக்கை. டி.வி.ல எத்தனை தடவை சொல்லியிருக்கான்!"

"நல்ல காரியத்துக்கு வாழைப்பழம் ஆகாதா? கேள்விப்பட்டதே இல்லையே!"

"நம்பளுக்கு ஒத்தைத் தும்மல் ஆகாது. அவங்களுக்கு இது ஆகாது. அவ்வளவுதானே?"

தட்டை வாங்கிக்கொண்டு, யாரும் முழங்கையைப் பிடிக்காமல், அவரே நடந்து போய்க் காரின் பானெட்டில் வைத்துவிட்டு வந்தார். ஜலஜாவின் கோபம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. சகுனம் பார்க்கிற மனுஷன், அசட்டையாகக் கடலுக்குள் போக மாட்டான், நம்பி ஒப்படைக்கலாம் என்று மனம் கேப்டன் பக்கம் சாய்ந்துவிட்டது. பழத்தைத் தொட்ட கையோடு இனிப் படகுப் பக்கம் போவது முறையில்லை என்று, யாரும் சொல்லாமலே காரோரம் போய் நின்றுகொண்டாள்.

கேப்டன் சந்தானத்தின் கையைக் குலுக்கினார். சந்தானம் "ஹலோ" என்றார், தன் கீச்சுக் குரலில். கேப்டனின் புருவம் உயர்ந்தது. இவரைப் பார்த்தார். காரோரம் நின்றவளைப் பார்த்தார். மறுபடி இவரைப் பார்த்தார். போனில் பேசியது நீங்கள்தானா என்று கேட்டார்.

ஜலஜா காதைத் தீட்டிக்கொண்டாள். இல்லை என்று சந்தானம் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. புக்கிங் மட்டுமா? இனி அந்த நாற்காலியிலிருந்து அவரை எழுப்ப அவளுக்கு வேறு வழி தெரியாது.

சந்தானம் தண்ணீரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எஸ் சார். ஐ ஒன்லி கால்ட்" என்றார். "தட் டே, கோல்ட்." தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

கேப்டனின் தாடிக்குள் என்னவோ அசைந்தது. வேறொன்றும் கேட்காமல் தூண்டிலை எடுத்துக் கையில் கொடுத்து, கீழே தண்ணீரில் முங்கிக் கிடந்த வாளியைக் காட்டினார். முதல் முயற்சியில் கோல்தான் வளைந்தது, வாளி அசையவில்லை. கையால் இழுக்காதே, காலை ஊன்றி முதுகால் சாய் என்று கேப்டன் தானே சாய்ந்து காட்டினார். சந்தானம் காலை அகட்டி ஊன்றினார். கழுத்து நரம்பு புடைத்தது. 'முருகா, முருகா' என்று ஜலஜா காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஓடிப் போய்ப் பிடிக்கலாமா என்று கால் பரபரத்தது. போகவில்லை. வாளி தண்ணீரை விட்டு எழும்பி, சொட்டச் சொட்ட ஆடிக்கொண்டு, மேலே வந்தது. அதைத் தொப்பென்று போடாமல் மெதுவாக இறக்கிவிட்டு, மூச்சு வாங்க நின்றார் சந்தானம். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. முகத்தில் சிரிப்பு. பைபாஸுக்கு முன்னால் இருந்த அதே அசட்டுச் சிரிப்பு.

"ஒன்ஸ் மோர்?" என்று அவரே கேட்டார்.

இரண்டாவது முறை வாளி சீக்கிரமே வந்துவிட்டது. கேப்டன் தொப்பியை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டு, ஆகஸ்ட் கடைசியில் நல்ல நாளாக ஒன்று காலியாக இருக்கிறது என்றார். பிறகு உரக்கக் கேட்டார்: "ஸோ, மிஸ்டர் சந்தானம். ஹாஃப் டே ஆர் ஃபுல் டே?"

பேரைக் கேட்டதும் காரோரம் நின்ற ஜலஜாவின் கை தானாகத் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகியது. அரை நாள் போதும், வெயில் ஆகாது, மாத்திரை வேளை தவறும். எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. சந்தானம் தூண்டிலைப் பிடித்தபடியே கடலைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார். கேப்டன் காத்திருந்தார். இன்னும் ஒரு நொடி போனால் அவள் பேசிவிடுவாள். ஜலஜா சட்டென்று தட்டிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, அவசர அவசரமாகத் தோலை உரித்து, முழுப் பழத்தையும் வாயில் அடைத்துக்கொண்டாள்.