பதினேழாவது எழுத்து

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு பொய்க் கம்ப்யூட்டரை ஓட்டுவார்கள். அதற்கு வாயும் காதும் வைத்துக் கொடுக்கிற தொழில் என்னுடையது. வாய் சீக்கிரம் வந்துவிடும். காதுதான் ஆளைப் படுத்தும்.

நான் பத்தாவதோடு நின்றவள். தென்காசிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் டிகிரி கேட்காமல், புதிர்களை விடுவிக்க வைத்து ஆள் எடுத்தார்கள். அப்படி உள்ளே வந்தேன். கம்பெனி சொந்தமாக ஒரு கெர்னல், கம்ப்யூட்டருக்கு அஸ்திவாரமான புரோகிராம், எழுதுகிறது. அது அந்தப் பொய்க் கம்ப்யூட்டருக்குள், வெர்ச்சுவல் மெஷின் என்கிறோமே, அதற்குள் ஓடும். உள்ளே இருப்பது வெளியே பேசவும், வெளியே தட்டுவது உள்ளே கேட்கவும் ஒரு கறுப்புத் திரை உண்டு. அதுதான் கன்சோல். அதை இயக்குகிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பேர். அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

வீட்டுக்காரர் பட்டாளத்தில், வடக்கே. மூணு வயசு மகள் சிவகிரியில் என் மாமியாரிடம். ஒரு மாசம் தினமும் பஸ்ஸில் போய் வந்து பார்த்தேன். கிளம்பும்போதும் அவள் தூக்கம், திரும்பும்போதும் தூக்கம். அதனால் திங்கள் காலையில் வந்தால் வெள்ளி வரை தென்காசி ஹாஸ்டல்தான். திங்களன்று அவள் எழுந்த பிறகுதான் பஸ் ஏறுவேன். "கன்சோலை முடிச்சுக் குடும்மா, பிறகு நீ வீட்ல இருந்தே வேலையைப் பாரு" என்று எங்கள் மேனேஜர் முருகேசன் சார் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஒவ்வொரு வரியும் எழுதினேன். பிள்ளையை வேறு ஊரில் விட்டு வேலை பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வார்த்தை

உள்ளிருந்து ஓர் எழுத்தை வெளியே அனுப்ப, அதை ஒரு வரிசையில் வைக்க வேண்டும். வைத்துவிட்டு வெளியே இருக்கிற நிஜ மெஷினுக்கு, 'வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்' என்று மணி அடிக்க வேண்டும். நான் வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். ரெண்டு நாள் திரை கறுப்பாகவே கிடந்தது. யாரிடமாவது கேட்டிருந்தால் ஒரு நிமிஷம். கேட்க வெட்கம். ஆபீசில் நான் தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போவதற்கே, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகிறவள்.

மூன்றாம் நாள் நானாகவே கண்டுபிடித்து மணி அடித்தேன். திரையில் வார்த்தை வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் வந்து நின்ற முருகேசன் சார் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வணக்கம்னு எழுதிப் பார்க்கச் சொன்னா, யாரும்மா அது பாப்பா?"

மத்தியான போன்

தினமும் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் மகளைக் கூப்பிடுவேன். நான் வெட்கக்காரி என்று சொன்னேன் அல்லவா, அவளிடம் மட்டும் வாய் மூடாது. சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட, ரசமா குழம்பா, குளிச்சியா, மழை பெய்யுதா அங்கன, பாட்டிட்ட அடம் பிடிச்சியா? அவள் ஒன்றுக்கும் பதில் சொல்ல மாட்டாள். கொஞ்ச நேரம் திரையில் என் மூக்கைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு போனை மல்லாக்கப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். மீதி நேரம் முழுக்க அவர்கள் வீட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டு தயிர்ச்சோறு சாப்பிடுவேன்.

ஒரு நாள் போனை எடுத்து நிமிர்த்திய என் மாமியார் சொன்னார்: "கேள்வி கேட்டே கொல்லுதியே, பிள்ள என்ன பரிச்சையா எழுதுது?"

அருவியில்

அருவி சீசன் தொடங்கி ரோடெல்லாம் வெளியூர் வண்டி. கன்சோலுக்கு வாய் வந்து ஒரு மாசம் ஆகியும் காது வரவில்லை. வெளியே என்ன தட்டினாலும் உள்ளே ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஒரு புதன்கிழமை ஏதோ ரிப்பேர் வேலைக்காக ஆபீசில் மெஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். டெஸ்டிங்கில் இருக்கிற பாத்திமா, "இங்கன உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டா இருக்கப் போற?" என்று என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துப் போனாள்.

பெண்கள் பக்கம் ஒரே நெரிசல். தண்ணீர் தலையில் விழும்போது கண்ணைத் திறக்க முடியாது. அந்த நேரம் ஒரு சின்னக் கை வந்து என் விரலைப் பிடித்தது. ஈரமான, குளிர்ந்து சுருங்கிப்போன கை. தன் அம்மா என்று நினைத்துவிட்டது. எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணைத் திறக்கவில்லை. நானும் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்தில் ஒரு குரல் கேட்டது: "அக்கா, அது எம்பிள்ள. கைய விடுங்க."

காலி டப்பா

மறுநாள் பாத்திமா தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அருவியில் நடந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உன் கன்சோல் என்னதான் செய்யுது, எனக்குப் புரியுத மாதிரி சொல்லு" என்றாள். சொன்னேன். உள்ளே இருப்பவன் எழுத்தை டப்பாவில் போட்டு அனுப்புவான். வெளியே இருப்பவன் எடுத்துப் படித்துவிட்டு, டப்பாவைத் திருப்பித் தருவான். அதேபோல் வெளியே இருப்பவனும் ஒரு டப்பாவில் போட்டு அனுப்ப வேண்டும். ஆனால் அனுப்ப மாட்டேன் என்கிறான்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. "எதுலட்டி போடுவான்? நீ அவனுக்குக் காலி டப்பாவே குடுக்கலையே."

டெமோ

பதினாறு காலி டப்பாவை முதலிலேயே வெளியே கொடுத்து வைத்தேன். 'அ' தட்டினால் 'அ' உள்ளே வந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, சாருக்குக் காட்டக் கூப்பிட்டேன். மற்றவர்களும் கூடிவிட்டார்கள். என் காது சூடாகிவிட்டது. சார் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். பதினாறு எழுத்து வந்தது. அதோடு நின்றது. படித்து முடித்த டப்பாக்களைக் காலி செய்து மறுபடி வெளியே கொடுக்க நான் மறந்திருந்தேன். எல்லார் முன்னாலும் அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது. வீட்டுக்குப் போகிற நாளும் அதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பதினேழாவது எழுத்து என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

சும்மா இருந்து பார்த்தேன்

அதைச் சரிசெய்த நாள் மத்தியானம் எனக்கு ஒரு யோசனை வந்தது. மகளிடம் இன்று ஒரு கேள்வியும் கேட்பதில்லை, அவள் பேசட்டும். கூப்பிட்டேன். சிரித்த முகத்தோடு அப்படியே இருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் உதடு லேசாகப் பிரிந்தது. ஏதோ வரப் போகிறது என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மாமியார் குனிந்து போனைப் பார்த்தார். "ஏட்டி, உங்கம்மை ஆடாம அசையாம நிக்கா. சிக்னல் இல்ல போல, கட் பண்ணு."

திங்கட்கிழமை

கன்சோல் ஒரு வாரம் நிற்காமல் ஓடியது. சார் சொன்ன சொல் தவறவில்லை. வெள்ளிக்கிழமை லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பினார். ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, பஸ் வாசுதேவநல்லூர் தாண்டும் வரை லேப்டாப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். மகளிடம், "அம்மா இனிமே இங்கனதான்" என்றேன். "ம்" என்றாள். சனியும் ஞாயிறும் என் முந்தானையை விடவில்லை.

திங்கள் காலை அவள் எழுந்து வரும்போது நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். அவள் என்னைப் பார்த்தாள். உள்ளே போனாள். வாரா வாரம் ஹாஸ்டலுக்குத் தூக்கிப்போகிற என் பழைய பையைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்து காலடியில் வைத்தாள். அழவில்லை, முகம் சுளிக்கவில்லை. இத்தனை மாசமாக அவள் பழகியிருந்தது அது. "அம்மா, பஸ் போயிரும்."

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சாரிடம் அனுமதி வாங்க எனக்கு ஒரு டிரைவர் போதுமாக இருந்தது. அதை இவளிடம் வாங்க எத்தனை திங்கட்கிழமை ஆகுமோ, எண்ணிக்கொண்டிருக்கிறேன்.