பெட்ரோல் முள்ளும் பதினொரு பிள்ளைகளும்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் ஒரு கண்ணால் சாலையையும் இன்னொரு கண்ணால் பெட்ரோல் முள்ளையும் பார்த்துத்தான் ஓட்டுகிறான். ஸ்கூட்டரைச் சாய்த்துச் சாய்த்து டாங்கின் கடைசிச் சொட்டில் வீடு போய்ச் சேர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

பட்டாளத்தில் பதினேழு வருஷம் லாரி ஓட்டினவன் நான். மனைவிக்கு ஆர்.கே.புரத்தில் சர்க்கார் குவார்ட்டர்ஸ் இருந்ததால் ஓய்வுக்குப் பிறகும் தில்லியிலேயே தங்கி, பழைய வேன் ஒன்று வாங்கினேன். பதினொரு தமிழ்ப் பிள்ளைகளைப் புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போய் இறக்குவது வேலை. பத்துப் பேர் ஆர்.கே.புரம். கலைவாணி ஒருத்தி மட்டும் கிட்வாய் நகர். அவள் அப்பா ஏழுமலை, ஓர் ஆபீஸில் பியூன். “வேன் கட்டணம் இதுக்கு மேல ஏறுச்சுன்னா தாங்காதுண்ணே, எதிர்ல இருக்கற இந்தி ஸ்கூல்லயே போட்டுருவேன்” என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஏற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பெட்ரோல் அப்படி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

சிவப்பு விளக்கு

முதல் தடவை விலை ஏறியதும், சிவப்பு விளக்கு விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். விளக்கைப் பார்க்கும் பொறுப்பு பிள்ளைகளுக்கு. பச்சை விழுந்ததும் “மாமா, ஹரி பத்தி!” என்று பதினொரு தொண்டையும் ஒன்றாகக் கத்தும். தில்லியில் பிறந்த பிள்ளைகள், பச்சை விளக்கு என்று சொல்ல வராது. பக்கத்துப் பஸ்ஸில் தூங்குகிறவர்கள்கூட விழித்துக்கொள்வார்கள்.

இரண்டாம் வகுப்பு கார்த்திக்குக்கு இந்த வித்தை ரொம்பப் பிடித்துப்போனது. பிடித்ததோடு விடாமல் வீட்டிலும் செய்தான். ஒரு நாள் காலையில் அவன் அப்பா, ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர், பனியனோடு கீழே இறங்கி வந்தார். “விளம்பரம் வந்தா டிவியை அணைச்சுடறான். அது முடிஞ்சுதா இல்லையான்னு டிவியைப் போட்டுப் பார்த்தாத்தானே தெரியும், மிலிட்டரிக்காரரே!”

ஒரே நிறுத்தம்

அடுத்த ஏற்றத்துக்கு, வீடு வீடாகச் சந்துக்குள் நுழைந்து ஹாரன் அடிப்பதை நிறுத்தினேன். ஆர்.கே.புரம் பிள்ளைகள் எல்லோரும் காலை ஆறரைக்கு மலை மந்திர் முருகன் கோயில் பக்கத்துத் திருப்பத்தில் நிற்க வேண்டும். கிட்வாய் நகருக்கு மட்டும் வழக்கம்போல நான் போய்க் கலைவாணியை ஏற்றிக்கொள்வேன். ஒருத்திதானே, யாரோடு சேர்ந்து நிற்பாள்?

முதல் வாரம் எனக்கு விழுந்த பேச்சைப் பட்டாளத்தில் எந்த சுபேதாரும் பேசியதில்லை. கார்த்திக்கின் அம்மா ஜெயந்தி ஒரு கையில் பையும் இன்னொரு கையில் பையனுமாக வந்து நின்றார். அவன் வாயில் தோசை, காலில் ஒரே ஒரு ஷூ. மூச்சு வாங்க என்னைப் பார்த்துச் சொன்னார்: “இனிமே வேன்கிட்டே வந்து சேர ஒரு ரிக்‌ஷா வச்சுக்கணும் போலிருக்கே!”

காஸ் வரிசை

பிறகு வந்தது சி.என்.ஜி. காஸ். பெட்ரோலைவிட மலிவு என்றார்கள், மாறியே தீர வேண்டும் என்றும் சொன்னார்கள். மாறினேன். சிலிண்டர் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டது. புத்தகப் பைகள் கூரைக்கு ஏறின. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காஸ் வரிசையில் நின்றால், பள்ளி விடும் நேரத்தில் எனக்கு முன்னால் இன்னும் முப்பது வண்டி நிற்கும். காஸ் பிடிக்காமலே திரும்பிய நாளும் உண்டு. அப்படியும் சமாளித்தேன். சமாளித்ததைப் பொறுக்காமல் காஸும் விலை ஏறியது.

வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர் ஒரு சர்தார்ஜி டாக்ஸிக்காரர். அவர் தம்பி லண்டன் பக்கம் டாக்ஸி ஓட்டுகிறான். அங்கே எப்படி என்று கேட்டேன். ஈரத்துண்டைத் தலைப்பாகைமேல் போட்டுக்கொண்டு இந்தியில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “அங்கேயும் இதே அழுகைதான் பாயி ஸாப், என்ன, அவன் ஏ.சி.யில உட்கார்ந்து அழறான்.”

கிட்வாய் நகர் சுற்று

இதற்கு மேல் கட்டணத்தை ஏற்றாமல் முடியாது என்று திருப்பத்தில் நின்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் சண்டை போடவில்லை. அவர்கள் சம்பளம் மட்டும் என்ன பம்பிலா ஊறுகிறது? கார்த்திக்கின் அப்பாதான் கணக்குச் சொல்வதுபோல மெதுவாக ஆரம்பித்தார். நல்ல மனுஷர். ஆனால் அவர் சொன்னதை நானும் பல நாளாக மனசுக்குள் நினைத்திருந்தேன் என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. “புசா ரோடு ஒரு பக்கம், கிட்வாய் நகர் வேற பக்கம். அந்த ஒரு பொண்ணுக்காகத்தானே இவ்வளவு சுத்து? அதை விட்டுட்டா யாருக்குமே ஏத்த வேண்டாமே.”

ஏழுமலையின் பதில்

ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை வீட்டுக்குப் போனேன். கலைவாணி தமிழ்ப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் காஸ், வரிசை, அரபு நாடு என்று எங்கெங்கோ சுற்றினேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. “எல்லாப் புள்ளைங்களும் எத்தினி மணிக்குண்ணே மலை மந்திர்கிட்ட நிக்கிது?” என்று மட்டும் கேட்டார். ஆறரை என்றேன்.

மறுநாள் நான் திருப்பத்துக்குப் போனபோது அப்பனும் மகளும் எனக்கு முன்னால் நின்றிருந்தார்கள். டிசம்பர் பனி. பெண்ணுக்குக் குல்லா, ஸ்வெட்டர், மேலே ஒரு சால்வை. அவருக்கு அரைக்கை ஸ்வெட்டர்தான்; அதிலும் வியர்வை. கிட்வாய் நகரிலிருந்து ரிங் ரோடு வழியாகச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்திருக்கிறார். திரும்பவும் மிதித்து ஆபீஸ் போக வேண்டும். என்னால் பார்க்க முடியவில்லை. “வேண்டாம் ஏழுமலை, நாளையிலிருந்து நானே வந்துடறேன். யார் என்ன சொன்னாலும் சரி” என்றேன். அவர் மகளை முன் சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்தினார், சாத்தியதும் சிரித்தார்.

“உங்க வண்டிக்குத்தாண்ணே இந்தப் பெட்ரோலு, காஸெல்லாம். என் சைக்கிளு நாலு இட்லியில ஓடுது. அதுக்கு எந்தத் தேசத்துக்காரன் வெல ஏத்திடுவான், பாத்துரலாம்!”

விலை ஏன் ஏறுகிறது என்று ஆயிரம் பேர் விளக்கிவிட்டார்கள். ஏறினால் யார் மிதிக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் விளக்கத் தேவையில்லை, அவர் ஆறரைக்கு முன்னாலேயே வந்து நின்றுவிடுகிறார்.