பற்றறி கழுவிய தண்ணீர்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உலோக வாடை வந்தபோது, அது இரும்புச் சத்து என்று நம்பி, காலையில் வெறும் வயிற்றில் ஒரு செம்பு கூடுதலாகக் குடித்தவன் நான். மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்து வீட்டு வளவுக் கிணற்றில் அள்ளினாள். "வலுவான தண்ணியை விட்டிட்டு ஊர்த் தண்ணிக்கு அலையிறா" என்று அவளைக் கேலியும் செய்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். நெடுங்கேணியில், வீட்டு வளவுக்குள்ளேயே உழவு இயந்திரங்களின் பழைய பற்றறி மின்கலங்களைப் பிரித்து, ஈயம் உருக்கித் தட்டு மாற்றுவது என் தொழில். உள்ளே படிந்திருக்கும் சாம்பல் நிறச் சேற்றைக் கழுவி, அந்தத் தண்ணீரைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றுவேன். வாழை பட்டுப்போனது. வாழையில்தான் குறை என்று இன்னொன்றை நட்டேன். அதுவும் பட்டது.

கல்யாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. வெள்ளி விரதம், ஒட்டுசுட்டான் கோயில் நேர்த்தி, கசப்புக் கசாயம் எல்லாம் மனைவிக்கு மட்டும். கடைசியில் அம்மா கிளிநொச்சியில் எனக்கு இன்னொரு பெண் பார்த்துவிட்டா. நான் வழக்கம்போலப் பகிடி விட்டு மழுப்பினேன். மனைவி சிரிக்கவில்லை.

"இவ்வளவு நாளும் என்னைத்தானே சோதிச்சவை. ஒருக்கா நீங்களும் போங்கோ."

வவுனியா ஆஸ்பத்திரியில் சின்னப் போத்தல் ஒன்று தந்தார்கள். விளிம்புவரை நிரப்பிப் பெருமையோடு நீட்டினேன். வாங்கியவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணை, கேட்டது சலமில்லை, விந்து."

அடுத்த முறை சரியானதைக் கொடுத்தேன். டொக்டர் முடிவை வாசித்தார். "உயிரணு குறைவு. இருக்கிறதும் அசையாமல் சோம்பிக் கிடக்குது."

"என்ர பிள்ளையள்தான் டொக்டர், சந்தேகமில்லை."

அவர் சிரித்துவிட்டு, என்ன தொழில், எந்தத் தண்ணீர் என்று விசாரித்தார். சொல்லச் சொல்ல அவருடைய சிரிப்பு குறைந்தது. "ஈயந்தான் எண்டு சத்தியம் பண்ணமாட்டன். ஆனா ஈயம் இந்த வேலை செய்யும்."

"கிணத்துக்குள்ள கிடக்கிற ஈயம் அங்க எப்பிடி டொக்டர் போகும்?"

"குடிச்சால் ரத்தத்தில சேரும். ரத்தம் போகாத இடம் உம்மட உடம்பில இருக்கோ? அந்தத் தண்ணியையும் ஈயம் உருக்கிறதையும் நிப்பாட்டும். சில மாசத்தில திரும்பச் சோதிப்பம்."

பஸ்ஸில் வழியெல்லாம் அந்த ஈயத்தின் பயணத்தையே யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் வாழைக்குழியிலிருந்து கிணற்றுக்கட்டு வரை காலடி வைத்து அளந்தேன். ஒன்பது காலடி. குழியைக் கிண்டினால் கீழேயும் அதே சாம்பல் சேறு. அட, இவ்வளவு கிட்டவா! பயத்தைவிட வியப்புத்தான் முதலில் வந்தது.

மனைவி குடத்தோடு வந்து நின்றாள்.

"குறை என்னிலதானாம்" என்றேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"அம்மாட்டை நீ மெல்லமாச் சொல்லிவிடுறியே?"

"நீங்களே போய்ச் சொல்லுங்கோ."