தலைமை தாங்க முடியாத நாடு

சில மாதங்களுக்கு முன், எங்கள் மொன்றியல் நாடகக் குழு ஓர் ஐரோப்பிய கலாசார நிதித் திட்டத்துக்குத் தலைமை தாங்கப்போகிறது என்று இங்கே பெருமையாக எழுதியிருந்தேன். வாசித்தீர்கள்தானே? தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

நாங்கள் இருக்கும் கனடா அந்தத் திட்டத்தில் உறுப்பு நாடு இல்லை. ஆனாலும் உறுப்பில்லாத நாட்டவரும் சேரலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியோடு வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அடுத்த பக்கத்தின் முதல் வரி... சேரலாம், தலைமை தாங்க முடியாது. உறுப்பு நாட்டுக் குழு ஒன்று விண்ணப்பித்து, எங்களைப் பங்காளியாகச் சேர்க்க வேண்டும்.

கண்டுபிடித்தது நானா? இல்லை. எங்கள் நாடகத்தில் நடிக்கும் சுகந்தி. டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டும் வேலை. இடைவேளையில் போனில் வாசித்திருக்கிறாள்.

"அக்கா, இரண்டாம் பக்கம் பாத்தனீங்களோ?"

"ஓம்... மேலோட்டமா."

ஐரோப்பாவில் எனக்குத் தெரிந்த குழு ஒன்றே ஒன்று. பாரிசில் ரவி அண்ணை நடத்துவது. முன்பொருமுறை அவர் மொன்றியலுக்கு நாடகம் கொண்டுவந்தபோது, 'திரை விழுந்ததுதான் நல்ல கட்டம்' என்று விமர்சனம் எழுதியவள் நான். என் கெட்டித்தனத்தை இரண்டு நாள் நானே ரசித்தேன்.

போனை எடுப்பதும் வைப்பதுமாக மூன்று நாள் போனது. ஆனால் எங்கள் குழுவின் ஆறு பெண்கள் ஷிஃப்ட் மாற்றி மாற்றி, பனிக்குள் ஒத்திகைக்கு வந்திருக்கிறார்கள். என் வெட்கத்துக்காக அதை விடலாமா?

எடுத்தேன்.

"அண்ணை, அந்த நேரம் நான் எழுதினது..."

"ஞாபகம் இருக்கு. பேந்து திரையைப் பத்து நிமிசம் முந்தி விழுத்திப் பாத்தன். நல்லாத்தான் இருந்தது."

"அப்ப கோபமில்லையோ?"

"கோபம்தான். நாடகத்தை அனுப்புங்கோ. நல்லா இருந்தாச் சேருவம்."

நான் எழுதிய பிரதியை அனுப்பினேன். மறுநாளே அழைத்தார். "கதை நல்லம். முதல் காட்சியில உங்கட கெட்டித்தனம் மட்டும்தான் இருக்கு. வெட்டுங்கோ."

ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். பிறகு வெட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. கிடைத்துவிட்டது. தலைமை பாரிஸ், பங்காளி மொன்றியல். செய்தியைச் சொன்னதும் சுகந்தி வேலை உடுப்போடேயே அழுதாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அந்த முதல் காட்சி எங்களுக்கும் பிடிக்கேல்லை."

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

உறுப்பு நாடோ இல்லையோ... தலைமையில் இருப்பவரிடம் உண்மை கடைசியாகத்தான் வந்து சேர்கிறது.